மெக்லாரன் எஃப்1 029: ஓடாத மகிழுந்தின் விற்பனை

மெக்லாரன் எஃப்1 என்பது இங்கிலாந்தைச் சேர்ந்த மெக்லாரன் நிறுவனம் 1992 முதல் 1998 வரை தயாரித்த அதிவேகச் சொகுசு மகிழுந்து ஆகும். இவ்வகையில் 029 என்ற எண்ணைக் கொண்ட மகிழுந்து, 2021 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள பெப்பிள் பீச்சில் கூடிங் நிறுவனம் நடத்திய ஏலத்தில் 2,04,65,000 டாலருக்கு விற்பனையானது. தயாரிக்கப்பட்டு 26 ஆண்டுகள் ஆகியிருந்தும், அது ஓடியிருந்த தூரம் 242 மைல், அதாவது சுமார் 390 கிலோமீட்டர் மட்டுமே.

வடிவமைப்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்த கார்டன் மர்ரி இதை வடிவமைத்தார். ஓட்டுநர் இருக்கை நடுவிலும், பயணியர் இருக்கைகள் இரு பக்கங்களிலும் சற்றுப் பின்தள்ளியும் அமைந்திருந்தன. உடற்பகுதி கார்பன் இழையால் ஆனது. பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் 6.1 லிட்டர், 12 உருளை எஞ்சின் பொருத்தப்பட்டது. எஞ்சின் வெப்பம் பரவாமல் தடுக்க, அதன் அறையில் தங்கத் தகடு ஒட்டப்பட்டது. 1998-இல் இவ்வகை மகிழுந்து ஒன்று மணிக்கு 386 கிலோமீட்டர் வேகத்தை எட்டிச் சாதனை படைத்தது.

புதிய மகிழுந்தின் அடிப்படை விலை சுமார் 5,40,000 பவுண்டு. எதிர்பார்த்த அளவு விற்பனை ஆகாததால், பந்தய வகைகளையும் சேர்த்து மொத்தம் 106 மகிழுந்துகளே தயாராயின. அவற்றுள் சாலையில் ஓட்டுவதற்கான வழக்கமான வகை 64 ஆகும். அன்று குறைவாக விற்றதே பின்னாளில் விலை உயர்வுக்கு ஒரு காரணமாயிற்று.

029-இன் வரலாறு

பழுப்பு நிறம் பூசப்பட்ட இம்மகிழுந்தை முதலில் வாங்கியவர் ஜப்பானைச் சேர்ந்த ஒரு சேகரிப்பாளர். பின்னர் இது அமெரிக்காவுக்குச் சென்றது. சராசரியாகப் பார்த்தால், ஆண்டுக்கு 15 கிலோமீட்டர்தான் ஓடியுள்ளது. வேறு வகையில் சொன்னால், இம்மாதிரி தன் உச்ச வேகத்தில் ஒரு மணி நேரத்தில் கடக்கக்கூடிய தூரத்தைக் கடக்க, 029 கால் நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

விற்பனை

சாதாரண மகிழுந்தின் விலை ஆண்டுதோறும் தேய்மானத்தால் குறையும். ஓடிய தூரம் குறைவாக இருந்தால் அந்தச் சரிவு சற்று மட்டுப்படும், அவ்வளவே. அரிய மகிழுந்துகளுக்கு இக்கணக்கு தலைகீழாகிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலை மாறாமல் இருப்பதே அங்கு மதிப்பு. ஆனால் தூரம் காட்டும் மானியை மட்டும் நம்பி யாரும் வாங்குவதில்லை. பராமரிப்புப் பதிவுகளும், உடைமை மாறிய வரலாறும், உடன் வந்த பொருள்களும் அதற்குச் சான்றாக வேண்டும். 029 உடன் கருவிப் பெட்டி, பயணப் பைகள், அதற்கெனத் தரப்பட்ட கைக்கடிகாரம் ஆகியவையும் விற்பனைக்கு வந்தன. 1.5 கோடி டாலருக்கு மேல் போகும் என்பது ஏல நிறுவனத்தின் மதிப்பீடு. கிடைத்த தொகையோ அதைவிட 54 லட்சம் டாலருக்கும் அதிகம்.

ஓட்டாமல் வைத்திருப்பதும் செலவில்லாத காரியம் அன்று. எஃப்1 மகிழுந்தின் எரிபொருள் பையை, ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்காக எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும்.

மாறுபட்ட எடுத்துக்காட்டு

'மிஸ்டர் பீன்' வேடத்தால் புகழ்பெற்ற நடிகர் ரோவன் அட்கின்சன் 1997-இல் ஓர் எஃப்1 வாங்கினார். அதைச் சுமார் 41,000 மைல் (66,000 கிலோமீட்டர்) ஓட்டினார். இருமுறை விபத்துக்குள்ளானது. 2011 விபத்துக்குப் பின் பழுது நீக்க மட்டும் சுமார் 9,10,000 பவுண்டு ஆனது. அதைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றது. அப்படியிருந்தும் 2015-இல் அது சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு விற்பனையானதாகச் செய்திகள் வெளிவந்தன.

இரு விற்பனைகளுக்கும் இடையே ஆறு ஆண்டு இடைவெளி இருப்பதால், விலைகளை நேராக ஒப்பிட முடியாது. ஆயினும் ஒன்று தெளிவாகிறது. அட்கின்சன் பல ஆண்டுகள் ஓட்டி மகிழ்ந்த பின்னும், வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு பெற்றார். 029-ஐ வைத்திருந்தவர்கள் அதைவிட மிகுதியான பணத்துக்கு வழிசெய்தார்கள். ஆனால் உலகின் மிக விரைவான மகிழுந்துகளுள் ஒன்றை ஓட்டும் வாய்ப்பையே அதற்கு விலையாகக் கொடுத்தார்கள். அதை ஏலத்தில் வாங்கியவருக்கும் இதே சிக்கல் தொடர்கிறது. அவர் ஓட்டும் ஒவ்வொரு மைலும், அவர் பணம் கொடுத்து வாங்கிய அந்த அருமையைக் கொஞ்சம் குறைத்துவிடும்.