விலையும் சிலையும்

டோக்கியோவில் அகிஹாபாரா ரயில் நிலையத்தை ஒட்டி நிற்கிறது ரேடியோ கைகான். பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, 2014-இல் புதிதாகத் திறந்தார்கள். அதன் மாடிகளில் கண்ணாடித் தட்டுகளை வாடகைக்கு விடும் கடை உண்டு. வாடகை கட்டினால், நம்மிடமுள்ள அனிமே உருவங்களை விலை எழுதி அங்கே வைக்கலாம். ஒரே கதாபாத்திரத்தை இரண்டு நிலையில் அங்கே பார்க்க முடியும். ஒன்று டேப் அறுபடாத பெட்டிக்குள் இருக்கும். இன்னொன்று வெளியே வந்து பீடத்தில் நிற்கும். விலை கூடுதலாக இருப்பது பெரும்பாலும் பெட்டிக்குள் இருப்பதற்குத்தான். பிரிப்பதா, பிரிக்காமல் வைப்பதா என்று சேகரிப்பாளர்களிடையே நெடுநாளாக ஓடும் வழக்கு இது.

நான் பிரிப்பவர் கட்சி. ஆனால் எதிர்க்கட்சியிடம் வலுவான வாதங்கள் இருக்கின்றன.

முதலில் விலை. கைமாறிய உருவங்களை விற்கும் அமியாமி என்ற ஜப்பானியக் கடை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தரம் போடுகிறது: உருவத்துக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று. உருவத்தில் கீறல்கூட இல்லாவிட்டாலும், பெட்டியின் மூலை நசுங்கியிருந்தால் பெட்டியின் தரம் இறங்கும். போலிகள் மலிந்த சந்தையில் பெட்டிதான் பிறப்புச் சான்றிதழ். தோயே அனிமேஷன் போன்ற உரிமைதாரர்களின் மினுங்கும் ஒட்டுச்சீட்டு பெட்டியின் மேல்தான் இருக்கும். ஆனால், விலை ஏறும் என்று நம்பி அடுக்கி வைப்பவருக்கு ஓர் அபாயம் உண்டு. வரவேற்புப் பெற்ற உருவங்களைத் தயாரிப்பாளர்கள் மறுபடியும் உற்பத்தி செய்கிறார்கள். மறுவெளியீட்டு அறிவிப்பு வந்ததும், பல மடங்கு ஏறியிருந்த கைமாற்று விலைகூடச் சரிந்துவிடும்.

பெட்டிக்குள் இருந்தால் புதிதாகவே இருக்கும் என்பது அடுத்த வாதம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்த உருவங்களில் பெரும்பாலானவை பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. விறைப்பாக இருக்க வேண்டிய பாகங்களுக்கு ஏபிஎஸ் என்ற வேறொரு பிளாஸ்டிக்கைச் சேர்ப்பார்கள். பிவிசி இயல்பில் கடினமானது. பறக்கும் கூந்தல், பாவாடையின் மடிப்பு போன்றவை உடையாமல் வளைந்து கொடுக்க, அதில் மென்மையாக்கும் வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். இந்தப் பொருள் பிளாஸ்டிக்கோடு இறுகப் பிணைந்துவிடுவதில்லை. ஆண்டுகள் போகப் போக மெல்ல மேற்பரப்புக்குக் கசிகிறது. காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் அது ஆவியாகிப் போக வழியில்லை. பிசுபிசுப்பாக அங்கேயே படிந்துவிடும். பல வருடம் பூட்டிவைத்த பெட்டியைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் நெடியும், விரலில் ஒட்டும் பிசுக்கும் இதனால்தான். அடர்நிறச் சாயம் பக்கத்திலுள்ள வெளிர்நிறப் பாகத்தில் ஏறிவிடுவதும் உண்டு. அதைத் தடுக்கத்தான் கைக்கும் உடைக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகி அனுப்புகிறார்கள்.

அப்படியானால் திறந்து வைப்பதே நல்லது என்று இங்கேயே தீர்ப்பெழுதிவிட எனக்கு ஆசைதான். ஆனால் டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் பிளாஸ்டிக் பொருள்களின் பாதுகாப்பை ஆராய்ந்த இவோன் ஷஷூவா கண்டது வேறு. மென்மையாக்கி வெளியேறிக்கொண்டே இருந்தால் பிவிசி விறைத்துச் சுருங்கும்; மூடிய கொள்கலனில் வைத்தால் அந்த இழப்பின் வேகம் குறையும். பிசுக்கு கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிந்தாலும், மிதமான வெந்நீரில் சோப்புக் கலந்து மெதுவாகக் கழுவினால் போய்விடும். உள்ளிருந்து ஆவியாகிப் போனதைத் திரும்ப ஊட்ட முடியாது. ஆக, வேதியியல் பெட்டிக்காரர்கள் பக்கமும் சாய்கிறது. ஆனாலும் கடையில் வரும் அட்டைப்பெட்டி, அருங்காட்சியகத்தின் இறுக மூடிய கொள்கலன் ஆகாது.

வெயிலையும் புவிஈர்ப்பையும் பொறுத்தவரை பெட்டிக்கே வெற்றி. புறஊதாக் கதிர் பட்டால் வெள்ளை மஞ்சளாகும், சிவப்பு வெளுக்கும். முன்புறம் ஜன்னல் வைத்த பெட்டியை வெளிச்சத்துக்கு நேராக வைத்தால் அதற்கும் இதே கதிதான். ஏழில் ஒரு பங்கு அளவில் செய்த உருவம் ஒற்றைக் கணுக்காலில் நிற்கும்போது, கோடை வெப்பத்தில் கால் தளர்ந்து, உடல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே சாயும். பெட்டிக்குள் இருக்கும், உருவத்தின் வடிவுக்கேற்ற பிளாஸ்டிக் அச்சுத்தட்டு முழு உடலையும் தாங்கிக்கொள்கிறது. வெளியே நிறுத்துகிறவர் இதற்கெல்லாம் உழைக்கத்தான் வேண்டும். தூசுக்குக் கண்ணாடி அலமாரி வேண்டும். ஐகியாவின் டெடோல்ஃப் அலமாரியை உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் வாங்கிக் குவித்தது இதற்காகத்தான். நிலம் அதிரும் ஜப்பானில் பீடத்துக்கு அடியில் ஒட்டும் ஜெல் வைக்கிறார்கள். சாய்ந்த காலை வெந்நீரில் இளக்கி, நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் இறுக வைக்கிறார்கள்.

இவ்வளவு பாடும் எதற்கு? இது நாலாபுறமும் பார்க்கச் செய்த சிற்பம் என்பதற்காக. சீபாவில் மகுஹாரி மெஸ்ஸே அரங்கில் நடக்கும் வொண்டர் ஃபெஸ்டிவலில், நிறுவனங்கள் முதலில் வண்ணம் பூசாத சாம்பல்நிற மூலவடிவத்தைக் காட்டுகின்றன. பார்வையாளர்கள் குனிந்தும் எம்பியும் பக்கவாட்டிலிருந்தும் பார்க்கிறார்கள். தட்டையாக வரைந்த முகத்தை முப்பரிமாணத்துக்குக் கொண்டுவருவது எளிதல்ல. அனிமேயில் பக்கவாட்டு முகமும் நேர்முகமும் பல வேளை ஒன்றோடொன்று பொருந்தா. எந்தக் கோணத்திலும் அது அந்தக் கதாபாத்திரமேதான் என்று தோன்றும்படி இழைப்பதில்தான் சிற்பியின் திறமை இருக்கிறது. கையோடோ நிறுவனத்தின் சிற்பி போமே போன்றவர்கள் பெயர் பெற்றது அந்தத் திறமையால். கூந்தல் நுனியில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கை வைத்தது பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும் என்றுதான். முதுகில் முடிந்த நாடா, காலணியின் அடித்தையல் இவற்றுக்கும் ஒருவர் பல நாள் உழைத்திருக்கிறார். பெட்டியின் ஜன்னல் நமக்குக் காட்டுவது ஒரே ஒரு முகப்பைத்தான். அந்த உழைப்பில் பெரும்பகுதி இருட்டிலேயே கிடக்கிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை.

மூட்டுகள் அசையும் ஃபிக்மாவுக்கும், முகங்களை மாற்றி மாட்டும் நெண்டோராய்டுக்கும் இந்த விவாதமே தேவையில்லை. அவை கையால் தொட்டு விளையாடச் செய்தவை.

வீட்டில் தவழும் குழந்தை இருந்தாலோ, அடிக்கடி வீடு மாறுகிறவரானாலோ பெட்டியிலேயே வைக்கட்டும். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்கள் பிரிக்கட்டும். அச்சுத்தட்டையும் இடைத்தாள்களையும் பெட்டியோடு சேர்த்துப் பத்திரப்படுத்தினால், பின்னால் விற்க நேர்ந்தாலும் இழப்பு பெரிதாக இராது. பிரிக்கவே மாட்டேன் என்பவரும் வாங்கிய புதிதில் ஒருமுறை திறந்து சரிபார்ப்பது நல்லது. ஒரு விரல் உடைந்திருந்தாலோ, மாற்று முகம் விடுபட்டிருந்தாலோ, தயாரிப்பாளர்கள் பாகத்தை மாற்றித் தருவது குறிப்பிட்ட காலம் வரைதான்.