வசனத்தோடு ஒரு வழக்கு: ஜான் பன்யனின் விசுவாச வளர்ச்சி

விசுவாசம் எப்படி வளர்கிறது என்ற கேள்விக்குப் பிரசங்க பீடத்தில் ஆயத்தமாக ஒரு விடை உண்டு. யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்தையும் ரோமர் ஐந்தாம் அதிகாரத்தையும் இணைத்து, பாடுகளில் தொடங்கிப் பொறுமை வழியாக நம்பிக்கை வரை ஏறும் ஒரு படிவரிசையைக் காட்டுவார்கள். இந்த ஏற்பாட்டில் வேதத்துக்கு ஒரு வேலை, சோதனைக்கு வேறொரு வேலை. வேதம் பலம் தருகிறது; சோதனை அந்தப் பலத்தைப் பரீட்சிக்கிறது; தேறியவர் அடுத்த படியில் கால் வைக்கிறார். கேட்க நன்றாக இருக்கும் இந்த வேலைப் பிரிவினை, விசுவாச வளர்ச்சியைத் தன் கைப்படப் பதிவு செய்தவர்களின் எழுத்துக்கு முன் நிற்குமா என்பதே இங்கு ஆராயப்படுவது. நான் எடுத்துக்கொள்ளும் சாட்சி ஜான் பன்யன். அவரிடத்தில் வசனமே சோதனையாக வருகிறது. அன்றாடக் கஷ்டங்கள்தாம் அந்த வசனத்துக்கு உரை சொல்கின்றன.

பன்யன் 1628இல் பெட்ஃபோர்டை அடுத்த எல்ஸ்டோ கிராமத்தில் பிறந்தவர். ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் தொழில், தகப்பன் வழி வந்தது. முதல் மனைவி வீட்டுக்கு வந்தபோது சீதனமாகக் கொண்டுவந்தவை இரண்டு பக்தி நூல்கள். வீட்டில் ஒரு தட்டு, ஒரு கரண்டிகூட இருக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். பெட்ஃபோர்டில் ஒரு வாசலில் வெயில் காய்ந்தபடி தேவ காரியங்களைப் பேசிக்கொண்டிருந்த ஏழைப் பெண்களின் உரையாடல் அவரை உலுக்கியது. அந்தப் பெண்கள் சேர்ந்திருந்த சபையில் பின்னாளில் அவரும் சேர்ந்தார். அரசுத் திருச்சபையின் அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக 1660 நவம்பரில் கைதாகி, 1672 வரை பெட்ஃபோர்டு சிறையில் இருந்தார். ‘பாவிகளில் பிரதான பாவிக்குப் பெருகிய கிருபை’ என்று தமிழில் சொல்லத்தக்க தன்வரலாற்றை 1666இல் வெளியிட்டது அந்தச் சிறையிலிருந்துதான்.

அந்நூலின் நடுப்பகுதி முழுவதும் ஒரே ஒரு போராட்டம். கிறிஸ்துவை விற்றுவிடு என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொள்கிறது. சாப்பிட உட்கார்ந்தால், கீழே கிடக்கும் குண்டூசியை எடுக்கக் குனிந்தால், விறகு பிளந்தால், எதை ஏறிட்டுப் பார்த்தாலும், இதற்காக விற்றுவிடு, அதற்காக விற்றுவிடு என்று அந்த எண்ணம் வந்து நிற்கிறது. ஒரு காலை படுக்கையிலேயே, அவர் போக விரும்பினால் போகட்டும் என்று மனம் தளர்ந்து இசைந்துவிடுகிறது. அந்தக் கணத்திலிருந்து எபிரெயர் 12:16-17 அவரைத் துரத்தத் தொடங்குகிறது: ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகச் சேஷ்டபுத்திர பாகத்தை விற்று, பின்பு கண்ணீரோடு தேடியும் அதைத் திரும்பப் பெறாத ஏசாவின் கதை. இங்கே பிசாசு வெளியிலிருந்து ஆயுதம் கொண்டுவரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குத்துகிற வாள் வேதத்தின் உறைக்குள்ளிருந்தே உருவப்படுகிறது.

இதற்கு அவர் தேடிய மாற்று, ஆறுதல் வசனங்களுக்குள் ஓடி ஒளிவது அன்று. ‘கிருபை போதும்’ என்ற பொருளுள்ள 2 கொரிந்தியர் 12:9 முதலில் அவருக்கு அரைகுறையாகத்தான் வந்தது. போதும் என்பது கேட்டது. உனக்குப் போதும் என்பதில் அந்த ‘உனக்கு’ வரவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக வாரக்கணக்கில் ஏங்குகிறார். பின்பு ஒரு கூட்டத்தில் முழு வசனமும் மும்முறை வந்து மோதுகிறது. அதன் பிறகும் ஏசா போய்விடவில்லை. ஆகவே ஒருநாள் அவர் துணிந்து ஒரு விண்ணப்பம் வைக்கிறார்: இரண்டு வசனங்களும் ஒரே நேரத்தில் என் இருதயத்தில் வரட்டும், எது எதை வெல்கிறது என்று பார்த்துவிடுகிறேன். சில நாட்களில் அப்படியே வருகின்றன. சிறிது நேரப் போராட்டத்துக்குப் பின் ஏசாவின் வசனம் தளர்ந்து விலகுகிறது. கிருபையின் வசனம் நிலைக்கிறது. கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பை மேல்கோர்ட்டில் வைத்து விசாரிப்பது போன்ற இந்தக் காட்சிக்கு நிகரான ஒன்றைப் பக்தி இலக்கியத்தில் நான் அதிகம் கண்டதில்லை.

உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளிவந்த ‘சமய அனுபவத்தின் வகைகள்’ நூலில் பன்யனை நோயுற்ற ஆன்மாவுக்கு எடுத்துக்காட்டாக்கினார். தானாக ஒலிக்கும் சொற்களால் அலைக்கழிக்கப்பட்ட, மிகை உணர்ச்சிகொண்ட மனச்சாட்சி என்பது அவர் கணிப்பு. தன்வரலாற்றில் வசனங்கள் குரல்களாகவே ஒலிக்கின்றன என்பதால் இந்தக் கணிப்பைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் ஜேம்ஸ் அந்தக் குரல்களைக் கேட்டவரோடு நின்றுவிட்டார். புத்தகத்தைப் புரட்டியவரைப் பார்க்கவில்லை. ஒரு சமயம், பழைய தலைமுறைகளைப் பார், கர்த்தரை நம்பி வெட்கப்பட்டவன் உண்டா என்ற கருத்தில் ஒரு வாக்கியம் பன்யனின் மனத்தில் விழுகிறது. நிச்சயம் வேதத்தில் இருக்கும் என்று ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை தேடுகிறார். கிடைக்கவில்லை. இவரையும் அவரையும் கேட்கிறார், யாருக்கும் தெரியவில்லை. ஓராண்டுக்கு மேல் கழிந்து, தள்ளுபடி ஆகமங்களில் ஒன்றான சீராக் 2:10இல் அதைக் கண்டெடுக்கிறார். சீர்திருத்த சபையாருக்கு அது வேதமே அல்ல. முதலில் திகைத்துப் போகிறார். பிறகு, அந்த வாக்கியம் பல வாக்குத்தத்தங்களின் சாரமாக இருக்கிறது, ஆகையால் அதிலிருந்து ஆறுதல் எடுத்துக்கொள்வது தன் கடமை என்று முடிவுசெய்கிறார்.

குரல்களுக்கு அடிமைப்பட்ட ஒருவர் ஓராண்டுக் காலம் ஆதாரம் தேடமாட்டார். ஆதாரம் நியமன நூலுக்கு வெளியே கிடைத்தபோது, மூலமும் பொருளும் வேறு வேறு என்று பகுத்துப் பார்த்திருக்கவும் மாட்டார். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத ஒரு பாத்திரத் தொழிலாளி இங்கே பாடவிமர்சகர் செய்கிற வேலையைச் செய்கிறார். அவருடைய வளர்ச்சியை அளக்க வேண்டிய இடம் இது என்பது என் வாதம். அவருடைய நிச்சயம் கூடியும் குறைந்தும் கடைசிவரை ஆடிக்கொண்டேயிருந்தது. ஒரு வசனத்தை மற்றொரு வசனத்தின் பக்கத்தில் வைத்து வாசிக்கும் திறனோ பின்வாங்கவே இல்லை.

அன்றாடச் சோதனை இதில் எங்கே வருகிறது? சிறையில். கைதானபோது இரண்டாம் மனைவி எலிசபெத் கர்ப்பிணி. அதிர்ச்சியில் அந்தக் குழந்தை தங்கவில்லை. முதல் மனைவியின் பிள்ளைகள் நால்வர். மூத்த மகளுக்குக் கண் தெரியாது. 1661 ஆகஸ்டில் எலிசபெத் பெட்ஃபோர்டின் ஸ்வான் சத்திரத்தில் நீதிபதிகள் முன் போய் நின்று, நல்ல மனிதர்கள் கொடுப்பதை வைத்தே பிழைக்கிறோம் என்று வாதாடினார். மாத்யூ ஹேல் என்ற நீதிபதி இரங்கினார். விடுதலை மட்டும் கிடைக்கவில்லை. பன்யன் சிறைக்குள் நாடாக்களின் முனையில் உலோகக் குப்பி பொருத்தி விற்று வீட்டுக்கு அனுப்பினார். இனிப் பிரசங்கிக்கமாட்டேன் என்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். அதுதான் அந்தச் சிறையின் கொடுமை. கதவின் சாவி ஒருவகையில் அவர் கையிலேயே இருந்தது.

மனைவி மக்களைப் பிரிவது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பது போலிருந்தது என்று எழுதுகிறார். அந்தப் பார்வையற்ற மகளை நினைத்தால் மேலும் உடைந்துபோகிறார். அப்போது அவருக்குக் கைகொடுப்பது சங்கீதம் எதுவும் அன்று. 1 சாமுவேல் 6ஆம் அதிகாரத்தில் பெலிஸ்தர் உடன்படிக்கைப் பெட்டியைத் திருப்பி அனுப்ப வண்டியில் பூட்டிய இரண்டு கறவைப் பசுக்கள் அவர் நினைவுக்கு வருகின்றன. அவற்றின் கன்றுகள் வீட்டிலே அடைக்கப்பட்டிருக்கின்றன. பசுக்கள் வலமிடம் விலகாமல் நேரே போகின்றன. போகும் வழியெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போகின்றன. பிரசங்கிகள் பெட்டியைப் பற்றிப் பேசுவார்கள், பெலிஸ்தரைப் பற்றிப் பேசுவார்கள். மாட்டைப் பற்றி யார் பேசுவார்? பிள்ளைகளை வெளியே விட்டுவந்த தகப்பனுக்குத்தான் அந்தப் பசுக்கள் கண்ணில் படும். கதையின் முடிவில் அவை பலியிடப்பட்டன என்பதைப் பன்யன் குறிப்பிடவில்லை. அந்த அதிகாரத்தை அறிந்தவர் அதை அறியாமல் இருந்திருக்க முடியாது. முன்பு எதுவும் புலப்படாத வசனங்களெல்லாம் சிறையில்தான் தனக்கு ஒளிவிட்டன என்று அவர் சொல்வதை இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் அது வெறும் பக்திப் பேச்சாகத் தோன்றாது.

சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் இந்த வாசிப்பை ஏற்கமாட்டார். 1904-05இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வில் அவர் பன்யனின் உருவகக் கதையான ‘மோட்சப் பிரயாணம்’ நூலின் தொடக்கத்தை எடுத்துக்காட்டுகிறார்: மனைவி மக்கள் பின்னால் அழைக்க, காதைப் பொத்திக்கொண்டு நித்திய ஜீவன் என்று கத்தியபடி ஓடும் கதைத் தலைவன் கிறிஸ்தியான். தன் இரட்சிப்பை மட்டுமே நினைக்கும் தனிமனிதன் என்பது அவர் தீர்ப்பு. 1678இல் வந்த அந்நூலின் முதல் சில பக்கங்களுக்கு இது பொருந்தும். மேலே போனால், வழியில் ஓர் அரண்மனையில் குடும்பத்தைப் பற்றி விசாரிக்கப்படும்போது கிறிஸ்தியான் அழுகிறான். 1684இல் வந்த இரண்டாம் பாகம் முழுக்க அந்த மனைவியும் பிள்ளைகளும் நடக்கும் பயணம்தான்.

அன்றாடச் சோதனை என்ற நம் பொருளுக்கு முதல் பாகத்தில் முக்கியமானது ஐயக் கோட்டைப் பகுதி. முதுகுச் சுமை சிலுவையடியில் விழுந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அப்பொல்லியோன் என்ற பூதத்தோடு போரிட்டு வென்றாயிற்று. மாயச் சந்தையில் தோழன் கொல்லப்பட்டதையும் தாங்கியாயிற்று. இவ்வளவுக்கும் பிறகு கிறிஸ்தியான் தவறுவது எதனால்? பாதை கரடுமுரடு, நடந்து நடந்து கால் புண்ணாகிவிட்டது, வேலிக்கு அப்பால் புல்தரை மெத்தென்று தெரிந்தது. பூதத்தை வென்றவனைக் கால்வலி கவிழ்த்துவிடுகிறது. அந்தப் புல்தரையில் பிடிபட்டு, புதன் காலை முதல் சனி இரவு வரை கோட்டையின் நிலவறையில் அடிபட்டுக் கிடந்த பின், நள்ளிரவில் ஜெபிக்கத் தொடங்கி விடியும் வேளையில், வாக்குத்தத்தம் என்ற சாவி தன் மார்பிலேயே இருப்பது நினைவுக்கு வருகிறது. வெளிவாசல் இரும்புப் பூட்டு லேசில் திறக்கவில்லை என்ற சிறு விவரத்தையும் பன்யன் விடாமல் சேர்க்கிறார். வசனம் தெரிந்திருப்பது வேறு, வேண்டிய வேளையில் அது கைக்குக் கிடைப்பது வேறு என்று பன்னிரண்டு ஆண்டு பூட்டைப் பார்த்திருந்தவர் சொல்கிறார். படிவரிசைக் கோட்பாடு சரியென்றால் பயண முடிவில் வரும் ஆற்றைக் கிறிஸ்தியான் எளிதாகக் கடந்திருக்க வேண்டும். அங்கேயும் அவன் மூழ்கப் போகிறான். கூட வந்தவன்தான் தலையை நீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறான்.

தமிழில் இந்நூலுக்கு ஒரு பெரிய மறுபிறவி உண்டு. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, அதை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியமாக்கி 1894இல் வெளியிட்டார். கம்பனில் தோய்ந்த அந்தப் புலவர் மூலத்தில் இல்லாத இரண்டைச் சேர்த்தார்: கிறிஸ்துவின் பாடுகளை விரிவாகச் சொல்லும் பகுதி, இடையிடையே தேவாரம் என்ற பெயரில் பக்திப் பாடல்கள். அலங்காரத்துக்காகச் சேர்த்தார் என்று இவற்றைக் கடந்துபோவது தவறு. பன்யன் வசனத்தோடு வழக்காடிய இடத்தில் கிருஷ்ணபிள்ளை ஒருவரின் திருமுகத்தை நோக்கிப் புலம்புகிறார். ஆழ்வார் பாசுரங்களின் சூழலில் வளர்ந்தவருக்கு ஐயத்தின் மருந்து முறையீடும் துதியும்தான். ஆதாரம் தேடல் இரண்டாம்பட்சம். பக்தியின் வெப்பத்தில் கிருஷ்ணபிள்ளை முந்துகிறார் என்றே சொல்வேன். எனினும் எதிரெதிர் வசனங்களை ஒன்றாக நிறுத்திப் பார்க்கும் அந்தத் துணிவு காப்பியத்தின் சீரான நடையில் மங்கிவிட்டது.

அந்த மங்கல் காப்பியத்தோடு நிற்கவில்லை. நம் சபைகளில் புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை வாங்கும் வழக்கம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஒரே வசனத்தைப் பிடித்துக்கொள்ளும் அந்த எளிய பழக்கத்தை நான் பழிக்க மாட்டேன்; நோயிலும் கடனிலும் அந்த அட்டையைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கியவர்கள் பலர். ஆனால் எபிரெயர் 12:17 அச்சடித்த அட்டை எந்தச் சபையிலும் கிடைக்காது. பயமுறுத்தும் வசனத்தைச் சந்திக்காமலே ஓர் ஆண்டைக் கழிக்க ஒரு விசுவாசியால் முடியும். சந்திக்கும் நாளில் அதன் பக்கத்தில் எதை நிறுத்துவது என்ற பயிற்சி அவருக்கு இருக்காது. வேதபாட வகுப்புகளின் பாடத்திட்டம் வகுப்போர் பன்யனின் தன்வரலாற்றை ‘மோட்சப் பிரயாண’த்துக்கு முன்னால் படிக்கக் கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. இரண்டாவதைச் சிறுவர் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். முதலாவதைப் படித்துவிட்டு வருகிறவர் அந்தப் பூட்டின் இரும்பை வேறுவிதமாகத் தொட்டுப் பார்ப்பார்.