எந்த கேம் போடலாம்? – ஒரு ஹார்லி கேள்விக்குப் பின்னால் இருக்கும் எண்பது வருடம்

டெக்சாஸில் செட்டிலான பழைய டீம் நண்பர் ஒருவர், 2009 மாடல் ஹார்லி டேவிட்சன் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். 96 கன அங்குல ட்வின் கேம் எஞ்சின். வாங்கி இரண்டு மாதம் ஆகவில்லை, அதற்குள் கேம்ஷாஃப்ட்டை மாற்ற வேண்டும் என்று கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. நாலு கம்பெனி கேட்டலாக்கைப் பார்த்துக் குழம்பிப்போய் என்னைக் கூப்பிட்டார். "பழசையெல்லாம் தோண்டுற ஆளாச்சே நீ, எந்த கேம்னு சொல்லேன்" என்றார்.

என்னிடம் ஹார்லி கிடையாது. ஆனால் கேள்வி பிடித்திருந்தது. தோண்டிப் பார்த்ததில், அவர் கேள்விக்கான பதில் கேட்டலாக்கில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது என்று தோன்றியது. அதைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

முதலில் அடிப்படை. கேம் என்பது எஞ்சினின் மூச்சுக் கணக்கு. வால்வு எப்போது திறக்கணும், எவ்வளவு உயரம் திறக்கணும், எப்போது மூடணும் என்ற மூன்றையும் அந்த இரும்பு மேடுதான் முடிவு செய்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. 3,000 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது.

இதில் முக்கியமான விஷயம், இன்டேக் வால்வு மூடும் நேரம். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது உள்ளே வரும் காற்றுக்கு ஒரு உந்துவிசை இருக்கும். பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே வர ஆரம்பித்த பிறகும் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதனால் வால்வை லேட்டாக மூடினால் லாபம். அதே எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அந்த உந்துவிசை இல்லை. லேட்டாக மூடினால், உள்ளே வந்த காற்றையே பிஸ்டன் வெளியே தள்ளிவிடும். அதாவது கேம் புதிதாகச் சக்தியை உண்டாக்குவதில்லை, ஒரு இடத்திலிருந்து எடுத்து இன்னொரு இடத்தில் வைக்கிறது. கீழ் ஆர்.பி.எம்.மில் இருந்ததை மேலே கொண்டுபோகும். இது கடன் மாதிரிதான், வட்டி இல்லாமல் கிடைக்காது.

இதை ஹார்லி உலகத்தில் நன்றாகப் புரிந்துகொண்டவர்களில் முக்கியமானவர் டாம் சிஃப்டன். கலிஃபோர்னியாவில் சான் ஹோசே நகரத்து ஹார்லி டீலர். 1930களில் அமெரிக்காவில் கிளாஸ் சி என்ற ரேஸ் பிரிவு வந்தது. தொழிற்சாலையின் ஸ்பெஷல் வண்டி வேண்டாம், கடையில் விற்கிற வண்டியை அடிப்படையாக வைத்து ஓட்டு என்பதுதான் அதன் நோக்கம். ஹார்லி பக்கம் இதற்கு ஓடியது 45 கன அங்குல, அதாவது 750 சிசி, சைடு வால்வு எஞ்சின்.

அந்த எஞ்சினில் ஒரு அழகான விஷயம் உண்டு. நாலு வால்வுக்கும் நாலு தனித்தனி கேம். பிற்காலத்து ஸ்போர்ட்ஸ்டரிலும் இதே அமைப்புதான் தொடர்ந்தது. நம்ம பாஷையில் சொன்னால் மாடுலர் டிசைன். இன்டேக் கேமை மட்டும் மாற்றிப் பார்க்கலாம், எக்ஸாஸ்டைத் தொட வேண்டாம். சோதனை செய்கிற ஆளுக்கு இதைவிட என்ன வேணும்?

சிஃப்டன் தயார் செய்த வண்டியில் சாம் அரீனா 1938இல் ஓக்லாண்ட் 200 மைல் ரேஸை ஜெயித்தார். லாரி ஹெட்ரிக் 1950இல் தேசிய சாம்பியன் ஆனார். ஜோ லெனார்ட் 1954இல் ஆனார். மில்வாக்கியில் தொழிற்சாலை தயாரித்து அனுப்பிய வண்டிகளையே ஒரு ஊர் டீலரின் வண்டி தோற்கடித்தது. சிஃப்டன் தன் ரகசியங்களை லேசில் வெளியே விடமாட்டார். பிறகு அவர் பெயரிலேயே கேம்கள் விற்பனைக்கு வந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த வண்டிகள் ஓடியது மண் ஓவல் டிராக்கில். ஒரு மைல் டிராக்கில் எஞ்சின் பெரும்பாலும் மேல் ஆர்.பி.எம்.மிலேயே வாழ்கிறது. சிக்னல் கிடையாது, டிராஃபிக் கிடையாது, பின்னால் மனைவி உட்கார்ந்திருக்கவில்லை. அங்கே கீழே இழந்தால் இழந்துவிட்டுப் போகட்டும். டிராக் எது என்று தெரிந்த பிறகுதான் அவர்கள் கேம் தேர்ந்தெடுத்தார்கள். பின்னாளில் வாங்கியவர்களில் பலர் கேமை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த முதல் வரியை விட்டுவிட்டார்கள்.

1958இல் இல்லினாய் மாநிலத்து ப்ளூ ஐலண்டில் ஜார்ஜ் ஸ்மித்தும் ஸ்டான்லி ஸ்டான்கோஸும் சேர்ந்து எஸ் அண்ட் எஸ் கம்பெனியை ஆரம்பித்தார்கள். ஆரம்பப் பொருள், எடை குறைந்த புஷ்ராட். கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் தடி அது. எடை குறைந்தால் வேகத்தில் வால்வு கேம் சொல்படி கேட்கும். இப்படிச் சின்னச் சின்ன பாகத்தில் தொடங்கி, உதிரிபாகத் தொழில் ஒரு தனி உலகமாக வளர்ந்தது.

அந்தக் காலத்தில் ட்யூனிங் என்றால் கார்புரேட்டர் ஜெட், இக்னிஷன் டைமிங், அவ்வளவுதான். ஸ்பார்க் பிளக் கலரைப் பார்ப்பார்கள், ஜெட்டை மாற்றுவார்கள், மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். கார்புரேட்டர் ஒரு விதத்தில் மன்னிக்கும் குணம் கொண்டது. காற்று எவ்வளவு இழுக்கிறதோ அதற்கேற்பப் பெட்ரோல் தானாகவே வரும், சரியாக இல்லாவிட்டாலும் கிட்டத்தட்ட.

1995இல் ஹார்லி ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனைக் கொண்டுவந்தது. 2007 மாடல்களில் கார்புரேட்டர் முழுக்கப் போய்விட்டது, சைலன்சர் குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் உட்கார்ந்தது. இங்கேதான் கதை என் தொழிலுக்குள் வருகிறது.

இந்த முறையில் எஞ்சினுக்குள் போகும் காற்றை யாரும் நேராக அளப்பதில்லை. கம்ப்யூட்டரிடம் ஒரு அட்டவணை இருக்கிறது. இந்த ஆர்.பி.எம்., இந்த இன்டேக் அழுத்தம் என்றால் சிலிண்டர் இவ்வளவு நிறையும் என்று ஏற்கெனவே எழுதி வைத்த எண்கள். அந்த எண்கள் யாருடையவை? தொழிற்சாலை போட்ட கேமுடையவை. கேமை மாற்றிய நொடியில் அட்டவணை முழுக்கப் பொய். டேட்டாபேஸ் ஸ்கீமாவை மாற்றிவிட்டுப் பழைய கோடையே ஓட்டுவது மாதிரி. எரர் வராது, தப்பான விடை மட்டும் வரும்.

சென்சார் திருத்திக்கொள்ளாதா என்று நண்பர் கேட்டார். ஓரளவுக்குத் திருத்தும். ஆனால் பெரிய கேமில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் நேரம் அதிகம். மெதுவாக ஓடும்போது எரியாத காற்று நேராக சைலன்சர் குழாய்க்குப் போய்விடும். சென்சார் ஆக்ஸிஜனைப் பார்த்துவிட்டு, "பெட்ரோல் பத்தலை" என்று முடிவு கட்டி இன்னும் ஊற்றச் சொல்லும். உண்மையில் பெட்ரோல் குறைவே இல்லை. இதனால்தான் கேமும் ட்யூனும் சேர்ந்தே ஒரு கேள்வி ஆனது.

ட்யூன் செய்கிற கருவியை ஹார்லியே விற்றது. புகை விதிக்காகப் பெட்ரோல் குறைவான கலவையில் வண்டியை ஒரு கவுண்டரில் விற்று, அதை மாற்றும் சூப்பர் ட்யூனரை ஸ்க்ரீமிங் ஈகிள் என்ற தன் சொந்தப் பெயரிலேயே அடுத்த கவுண்டரில் விற்றது. 2008 முதல் சுமார் 3,40,000 கருவிகள். 2016 ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையோடு சமரசம் செய்துகொண்டு 1.2 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ரேஸ் டிராக்குக்காக விற்றோம் என்பது கம்பெனியின் வாதம். அரசு அதை ஏற்கவில்லை. கடைகளில் மீதியிருந்த கருவிகளைத் திரும்ப வாங்கி அழிக்க வேண்டியிருந்தது.

அந்த வாதத்தைப் படித்தபோது சிஃப்டன் ஞாபகம் வந்தது. 1938இல் ரேஸ் டிராக் என்றால் நிஜமாகவே ரேஸ் டிராக். 2016இல் அது பெட்டியின் மேல் அச்சடித்த ஒரு வார்த்தை. வண்டி ஓடியதோ ஊர் ரோட்டில், அந்தப் புகையை சுவாசித்தது ஊர்க்காரன்.

சரி, நண்பருக்கு என்ன சொன்னேன்? பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டேன். எந்த வேகத்தில் ஓட்டுறீங்க? ஹைவேயில் 70 மைல், ஆறாவது கியர். அதாவது 3,000 ஆர்.பி.எம்.மைத் தாண்டுவதே அபூர்வம். அவர் ஆசைப்பட்ட கேமோ அதற்கு மேலேதான் விழித்துக்கொள்ளும் ரகம். டைனோ அட்டையில் உச்ச குதிரைத்திறன் பெரிதாகத் தெரியும். ஆனால் அந்த உச்சத்தை அவர் வருடத்தில் எத்தனை தடவை தொடுவார்?

கொஞ்ச நேரம் கழித்து உண்மை வந்தது. "அந்த சவுண்டுக்காகத்தான்பா" என்றார். ஹார்லியின் அடையாளச் சத்தம் கேமிலிருந்து மட்டும் வருவதில்லை என்று சொன்னேன். 45 டிகிரி சாய்வில் இரண்டு சிலிண்டர், ஒரே கிராங்க்பின், அதனால் வெடிப்புகளுக்கு நடுவே 315 டிகிரி, பிறகு 405 டிகிரி. அந்தத் தாளத்துக்கு 1994இல் டிரேட்மார்க் கேட்டு விண்ணப்பித்து, 2000இல் கம்பெனியே கைவிட்டது. பெரிய கேம் அந்தத் தாளத்தின் மேல் ஐட்லிங் தடுமாற்றத்தைச் சேர்க்கிறது. அதுதான் பிடிக்கும் என்றால் தாராளமாகப் போடலாம், ஆனால் அதைப் பவர் என்று கணக்கு எழுதக்கூடாது.

கடைசியில் சொன்ன வரிசை இதுதான். முதலில் ஓட்டும் ஆர்.பி.எம்.மை ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள். இன்டேக் வால்வை சீக்கிரம் மூடும் சின்ன கேமாகப் பாருங்கள், பிஸ்டனையோ வால்வு ஸ்பிரிங்கையோ மாற்ற வேண்டியிருக்காது. மூடியைத் திறக்கும்போது கேம் செயின் டென்ஷனரையும் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள். கேமை வாங்குவதற்கு முன்பே ட்யூன் செய்யப்போகிற ஆளையும், ரோட்டில் ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் கருவியையும் முடிவு செய்யுங்கள். ட்யூனுக்குப் பணம் மிச்சமில்லை என்றால் கேமும் வேண்டாம்.

போன வாரம் மெசேஜ் வந்தது. ஆறு நாள் கணக்கு எழுதியிருக்கிறார். அதிகபட்சம் 3,400. ஒரே ஒரு தடவை, லாரியை ஓவர்டேக் பண்ணும்போது. "சின்னதே போதும்" என்று கீழே ஒரு வரி.