பெயர் பொறிக்காத காப்புகள்

எங்கட வீடுகளில, அடகுக்குப் போய்த் திரும்பி வராத காப்பு ஒண்டின்ர கதை கட்டாயம் இருக்கும். அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கம் வாழும் நவாஹோ மக்களிடமும் அந்தக் கதை இருக்கு. வித்தியாசம் என்னவெண்டால், அவர்களின் பழைய வெள்ளி நகைக்கு ‘அடகில் இருந்தது’ எண்டு சொன்னாலே சந்தையில் விலை கூடும்.

1864இல் அமெரிக்க இராணுவம் நவாஹோக்களைச் சொந்த நிலத்திலிருந்து நடத்திக் கொண்டுபோய், பொஸ்க் ரெடொண்டோவில் அடைத்து வைத்தது. 1868இல்தான் திரும்பினார்கள். மெக்சிகோ கொல்லர்களிடம் பழகிய வெள்ளித் தொழில் அதற்குப் பிறகே அவர்களிடையே பரவியது. உருக்கியது பெரும்பாலும் நாணயங்களை: முதலில் அமெரிக்க நாணயம், பிறகு மெக்சிகோ பேசோ. இரண்டிலும் வெள்ளி ஏறக்குறைய 90 சதவீதம். ஆகவே ‘925’ முத்திரை இல்லை எண்டு ஒரு காப்பை ஒதுக்கினால், ஆகப் பழையதையே ஒதுக்கிவிடக்கூடும்.

அந்த நகைதான் அவர்களின் வங்கியும். மாவுக்கும் கோப்பிக்கும் வியாபாரியின் கடையில் அடகு வைத்து, செம்மறி மயிர் விற்ற காசில் மீட்பார்கள். மீட்க முடியாமல் போனதுக்குப் பெயர் ‘செத்த அடகு’. கடைக்காரர் அதை விற்பார்.

1899 அளவில் ஃபிரெட் ஹார்வி நிறுவனம் ரயில் பயணிகளுக்கு விற்க மெல்லிய நகைகள் கேட்டது. அம்பும் இடிப்பறவையும் குத்திய காப்புகள் பெருகின. பிறகு தொழிற்சாலைகள் அதையே இயந்திரத்தில் அடித்தன.

எப்படிப் பிரித்தறிவது? கையால் குத்திய பூவேலை எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இராது. உட்பக்கத்தில் சுத்தியல், அரத் தடங்கள் தெரியலாம். கறுப்பை மட்டும் நம்பக்கூடாது. அதை மருந்து போட்டும் வரவைக்கலாம். கை உரசும் இடம் தேய்ந்திருக்கா எண்டு பாருங்கோ. விற்கிறவர் மினுக்கவே கூடாது. பழமையின் சாட்சி அந்தக் கறுப்போட போய்விடும்.

போலியை ‘பழங்குடியினர் செய்தது’ எண்டு விற்பதை 1990ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. முதல் தடவையே 5 வருடச் சிறையும் 2,50,000 டொலர் தண்டமும் வரலாம்.

ஆனால் சட்டம் ஒரு பெயரைத் திருப்பித் தராது. ஆரம்பகாலக் கொல்லர்கள் பெரும்பாலும் தங்கள் பெயரைப் பொறிக்கவில்லை. அந்த வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பரவியது. பிரபல பெயர் ஒண்டை ஒட்டினால் காசு கூட வரும். நேர்மையான வியாபாரி ‘செய்தவர் பெயர் தெரியாது’ எண்டு எழுதி விற்பார். அடகில் இருந்தது எண்டு தெரிந்தால் அதையும் எழுதுவார். ஆனால் வாங்கிற நாங்கள் அதைப் பெருமையாக மட்டும் வாசிக்கக் கூடாது. அந்தக் காப்பை மீட்கக் காசில்லாமல் ஒரு குடும்பம் நின்றிருக்கு.