மருந்துச் சிட்டையும் நட்டஈட்டு உரிமையும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்துச் சில குறிப்புகள்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதியோர் கோட்டைகளையும் கடற்படைகளையும் பற்றியே பெரிதும் எழுதியுள்ளனர். 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் கோட்டையைக் கைப்பற்றியமையும், 1957இல் பிரித்தானியக் கடற்படைத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டமையும் யாவரும் அறிந்தவை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன் நோயுற்றபோது எதை விழுங்கினான், அது பிழையான மருந்தாயின் எங்கே முறையிட்டிருப்பான் என்னும் வினாவோ அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது.

பழைய வைத்திய முறையிலே நோயை நாடிபிடித்து அறிந்தவரே மருந்தையும் இடித்துக் கொடுத்தார். அம்முறையிலும் தவறுகள் நேர்ந்திருக்கும். அதனை இலட்சியப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் தவறுக்குரியவர் எவர் என்பதில் ஐயம் எழ இடமிருக்கவில்லை. குடியேற்றவாட்சி அறிமுகஞ்செய்த மருத்துவம் ஒரு தொழிற்பிரிவினையையும் உடன்கொணர்ந்தது. எழுதுபவர் வைத்தியர், வாசிப்பவர் அப்போதிக்கரி அல்லது மருந்தாளர், விழுங்குபவர் நோயாளி. இம்மூவரையும் இணைப்பது ஒரு துண்டுக் கடதாசி. அதன் மொழி ஆங்கிலம். அதன் குறியீடுகள் இலத்தீன். தமிழும் சிங்களமும் பேசும் மீனவரும் கூலியாளரும் வாழும் ஒரு பட்டினத்திலே, தன் உடலைப் பற்றிய ஆவணத்தை வாசிக்கமுடியாத ஒரேயொருவர் நோயாளியே. யாழ்ப்பாணத்தில் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 முதல் பணியாற்றி, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முனைந்து நூல்களையும் கலைச்சொற்களையும் ஆக்கினார். அம்முயற்சி 1873இல் அவர் நாடு திரும்பியபின் நிலைக்கவில்லை. நிலைத்திருந்தால் சிட்டையின் மொழி வேறாக இருந்திருக்கலாம்.

மொழியோடு வணிகமும் சேர்ந்தது. ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் விற்கப்படும்போது, பெயரொப்புமையால் ஒன்றிருக்க மற்றொன்று கொடுக்கப்படுதல் இயல்பாகின்றது. எனவே, மருந்துத் தவறு தனியொருவரின் கவனக்குறைவு மட்டுமன்று. சந்தையின் அமைப்பும் அதற்குக் காரணமாகும். இதனை நன்குணர்ந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. கம்யூனிஸ்ட் தலைவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் அவர் 1971இல் தயாரித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தோன்றியது. வணிகப் பெயருக்குப் பதில் மருந்தின் பொதுப்பெயர் வலியுறுத்தப்பட்டது. ஏறத்தாழ 2,100 மருந்துகளைக் கொண்டிருந்த பட்டியல் 600 அளவிற்குக் குறைக்கப்பட்டது. 1977இல் ஆட்சி மாறியது. தனியார் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது. அதே ஆண்டிலே பிபிலே கயானாவில் காலமானார். மருந்துகளை ஒழுங்குபடுத்தும் தேசிய அதிகாரசபைக்கான சட்டம் 2015இலேயே வந்தது.

இனிச் சட்டத்தை நோக்குவோம். ஒல்லாந்தர் விட்டுச்சென்றவற்றுள் கோட்டையிலும் வலியது அவர்களது உரோம-ஒல்லாந்தச் சட்டம். மருத்துவக் கவனயீனத்திற்கு நட்டஈடு கோருபவர் இன்றும் அதன் அக்குவிலியச் சட்டத்தையே நாடவேண்டும். கி. மு. 287ஆம் ஆண்டினதெனக் கூறப்படும் அச்சட்டத்தின் முதல் அதிகாரம், பிறனுடைய அடிமையையோ மந்தைக் கால்நடையையோ அநியாயமாகக் கொன்றவன் உடைமையாளனுக்குச் செலுத்தவேண்டிய பெறுமதியைக் கூறுவது. அடிமையுடைமைச் சமுதாயத்தின் கணக்கு அது. உயிரிழப்பு அங்கே பொருளிழப்பாகவே அளக்கப்பட்டது.

அக்கணக்கு பழங்கதையாய் ஒழிந்ததன்று என்பதற்குப் பிரியானி சொய்சா வழக்கு சான்று. 1992இல் இறந்த ஒரு சிறுமியின் நோய் பிழையாக நிர்ணயிக்கப்பட்டதெனத் தந்தை வழக்குத் தொடர்ந்தார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதனையும் நீக்கியது. கவனயீனமே மரணத்திற்குக் காரணமென நிறுவப்படவில்லை என்பது ஒரு நியாயம். பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்தமைக்கு அக்குவிலியச் சட்டத்தில் நட்டஈடு இல்லை என்பது மற்றொன்று. உழைத்து ஊதியம் ஈட்டாத குழந்தைக்கு அச்சட்டத்தில் விலையில்லை. இக்குறையைப் போக்க, மரணத்திற்கான நட்டஈடு அறவிடும் சட்டம் 2019இல் இயற்றப்பட்டது. இடையில் சென்றவை பதினெட்டு ஆண்டுகள்.

வறியோர் பெரும்பாலும் நாடுவது அரசாங்க ஆசுபத்திரியையே. ஆனால் 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை, அங்கு ஊழியர் இழைத்த தீங்கிற்கு முடியின்மீது வழக்குத் தொடர முடியவில்லை. ஊழியரைத் தனிப்பட வழக்கிற்கு இழுக்கலாம். அவரிடம் செலுத்தப் பணம் இருக்கவேண்டுமே! அயலில் இந்தியாவில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவ சேவைக்கும் பொருந்துமென அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தபோதும், அனைவருக்கும் இலவசமாக வழங்கப்படும் சேவை அதற்குப் புறம்பாக்கப்பட்டது. கட்டணஞ் செலுத்தியவனே நுகர்வோன். ஏனையோன் வெறும் நோயாளி.

இன்று திருகோணமலையில் ஒருவருக்குப் பிழையான மருந்து கொடுக்கப்பட்டால், அவர் இரண்டாண்டுக்குள் நட்டஈட்டு வழக்குத் தொடரவேண்டும். மரணம் நேர்ந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவும் உண்டு. அது ஐந்தாண்டுவரை சிறையை விதிக்கலாம். இலங்கை மருத்துவச் சபையிடம் முறையிடலாம். அது வைத்தியரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க வல்லதேயன்றி, நட்டஈடு வழங்க வல்லதன்று. எவ்வழியாயினும் முதலிற் கைக்கு வரவேண்டியவை சிட்டையும் ஆசுபத்திரிப் பதிவேடுமே. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தம்மைப் பற்றிய மருத்துவப் பதிவை அரசாங்க ஆசுபத்திரியிடம் கேட்டுப்பெற நோயாளிக்கு வழியுண்டு. பெற்றபின் அதனைத் தமிழில் வாசித்துச் சொல்ல ஒருவரைத் தேடுவது அவரது அடுத்த வேலை.