நியோஃபெட்ச்: விவசாயம் பார்க்கப் போனவரின் நிரல்

கணினி வரலாறுன்னாலே பில் கேட்ஸ், லினஸ் டோர்வால்ட்ஸ்னு ஆரம்பிச்சிடுவாங்க. நாம கொஞ்சம் சின்னச் சாமிகளைப் பத்திப் பேசுவோமே. கருப்புத் திரையில ஒரே ஒரு வார்த்தை தட்டினா, "பெட்டிக்குள்ள இன்ன சிப்பு, இவ்வளவு ரேம்"னு புட்டுப்புட்டு வைக்குமே, அந்தக் கட்டளைவரி நிரல்களைத்தான் சொல்றேன்.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேப்பீங்க. சோளக்காட்டுல உக்காந்துகிட்டுப் பழைய மடிக்கணினிக்கு ரேம் வாங்கணும்னா, கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி நாமக்கல் போகணும். டிடிஆர்3யா டிடிஆர்4ஆன்னு தெரியாம வாங்கிட்டு வந்தா மறுபடி 70 வளைவு! 'டிஎம்ஐடிகோட்'னு தட்டினா, பெட்டியைத் திறக்காமலே தெரிஞ்சிடும்.

அதை 2000ல எழுதினவர் ஆலன் காக்ஸ். 2002லேர்ந்து கட்டிக் காப்பாத்துறவர் ஜான் டெல்வார். வேலை என்னன்னா, தயாரிப்பாளர் பயாஸ்ல எழுதி வச்ச எஸ்எம்பயாஸ் அட்டவணையைப் படிச்சுச் சொல்றது. அந்தத் தரம் புதுசாகும்போதெல்லாம் நிரலையும் திருத்தணும். இன்னொரு கூத்து, சில பலகைகள்ல வரிசை எண் இருக்கவேண்டிய இடத்துல "தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது"ன்னே அச்சடிச்சு வரும். நிரப்ப மறந்துட்டாங்க :-) நிரல் என்ன பண்ணும், எழுதினதைத்தானே படிக்கும்!

'எல்எஸ்பிசிஐ' கதையும் இப்படித்தான். 1997லேர்ந்து செக் நாட்டு மார்ட்டின் மாரெஷ் பார்த்துக்கறார். ஒவ்வொரு அட்டையும் ஒரு எண்ணைத்தான் சொல்லும். எந்த எண் யாரோடதுங்கற பட்டியலைத் தன்னார்வலர்கள் சேர்த்துக்கிட்டே இருக்காங்க. இன்டெலோட எண் 8086! 1978ல அவங்க விட்ட சிப்போட பேரேதான்.

இப்ப நம்ம நாயகருக்கு வருவோம். டிலன் அராப்ஸ் 2015ல பாஷ்ல எழுத ஆரம்பிச்சது நியோஃபெட்ச். ஒரு பக்கம் இயங்குதளத்தோட சின்னம், இன்னொரு பக்கம் கணினியோட ஜாதகம். லினக்ஸ்காரங்க திரைப்படம் பிடிச்சுப் போட்டா இது இல்லாம இருக்காது. கிட்டத்தட்ட 150 இயங்குதளங்கள்ல ஓடிச்சு. அந்த அழகுக்குப் பின்னாடி உள்ள பாட்டைப் பாருங்க. ஒவ்வொரு தளமும் தன் விவரத்தை ஒவ்வொரு இடத்துல வச்சிருக்கும். ஒண்ணு மாறினாலும் "என் கணினியைத் தப்பாச் சொல்லுது"ன்னு புகார் வரும். அந்தக் கணினி அவர்கிட்ட இருக்காது. சம்பளமும் கிடையாது.

2020 ஆகஸ்டுல 7.1.0 வந்துச்சு. அதுதான் கடைசி. 2024 ஏப்ரல்ல களஞ்சியத்தையே பூட்டிட்டார். விவசாயம் பார்க்கப் போயிட்டதா ஒத்தை வரி எழுதி வச்சார், அவ்வளவுதான். எங்க ஊர்ப் பசங்க மிளகுக்கொடியை விட்டுட்டுக் கணினி வேலைக்கு மலை இறங்கறாங்க. இவர் நேர் எதிர்த் திசையில போயிருக்கார்!

சிலர் திட்டினாங்க. எனக்கு அது நியாயமாப் படலை. இங்க சாமை, தினையெல்லாம் மங்கிப்போனதுக்கு யாரும் அதை அழிச்சது காரணமில்லை, விதைக்கிறவங்க குறைஞ்சதுதான். விதையைப் பரண்ல வச்சா முளைப்புத்திறன் போயிடும். வருஷா வருஷம் யாராவது விதைச்சாத்தான் உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில கிராம விதை வங்கி வச்சதும் அதுக்குத்தான். நிரலும் அதே ஜாதி. ஒரு எழுத்து மாறாம அப்படியே கிடந்தாலும், சுத்தி இருக்கிற வன்பொருள் மாற மாற அது சொல்றது பொய்யாகிடும்.

நல்லவேளை, எம்ஐடி உரிமத்துல விதையை எல்லாருக்கும் விட்டுட்டுப் போனார். ஹைஃபெட்ச்காரங்க அதையே எடுத்து வளர்க்கறாங்க. சி மொழியில புதுசா எழுதின ஃபாஸ்ட்ஃபெட்ச் 2021லேர்ந்து இருக்கு, வேகமும் அதிகம்.

ஆனா அந்த நிரல்களுக்குப் பின்னாடியும் கைவிரல்ல எண்ணிடற அளவு ஆட்கள்தான். அடுத்த தடவை அது எதையாவது தப்பாக் காட்டினா, திட்டறதுக்கு முன்னாடி உங்க கணினி விவரத்தை ஒழுங்கா எழுதி அனுப்புங்க மக்களே. அவங்ககிட்ட இல்லாதது அது ஒண்ணுதான்.