துண்டை வீசுவது யார்?

சித்திரை பிறந்தால் போதும், சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை மாவட்டச் செய்திப் பக்கங்களில் ஒரே மாதிரியான படம் வந்துவிடும். இடுப்பளவுச் சேற்றில் பெருங்கூட்டம், கைகளில் ஊத்தா, கச்சா, வலை, கூடை. கரையில் நிற்கும் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் எல்லோரும் கண்மாய்க்குள் பாய்கிறார்கள். செய்தியின் கடைசி வரியும் அநேகமாக மாறுவதில்லை: சாதி, மத பேதமின்றி மக்கள் கலந்துகொண்டனர். துண்டை வீசும் உரிமை அந்தப் பெரியவருக்கு எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்டு எழுதி நான் பார்த்ததில்லை.

முதலில் தண்ணீரைப் புரிந்துகொள்வோம். நம் கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைகின்றன. தை, மாசிவரை மடை வழியாகத் தண்ணீர் வயலுக்குப் போகிறது. மடையின் வாய்க்குக் கீழே தங்குவது பாசனத்துக்கு உதவாது. பங்குனியிலிருந்து அது வெயிலில் சுருங்கிக்கொண்டே போகும். தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். இரவு முழுவதும் மீனும் பாசியும் சுவாசித்துத் தீர்த்துவிடுவதால் விடியும் நேரத்தில் அது அடிமட்டத்துக்கு வந்துவிடும். கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளப்பது அப்போதுதான். விரால், குரவை, தேளி போன்றவை காற்றையே நேராக உள்வாங்கும் என்பதால் சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். மற்றவை, பிடிக்காமல் விட்டாலும் சாகப்போகிற மீன்கள். ஆகவே கோடையில் கண்மாயை ‘அழித்துவிடுவது’ அறிவுள்ள ஏற்பாடு. அழிகண்மாய் என்ற பெயரும் இப்படி வந்ததுதான். வயல் வேலை இல்லாத மாதங்களில், பெண்கள் சேலைத் துணியில் அயிரையை அரித்தெடுத்துக் குழம்பு வைத்ததும், மிஞ்சியதைக் கருவாடாக்கியதும் சேரிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த மீன் எப்போதுமே எல்லோருக்கும் பொதுவாக இருந்தது என்று நம்பிவிடாதீர்கள். சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே ‘பாசிப்பாட்டம்’ வருகிறது. ஏரி மீனைக் குத்தகைக்கு விட்டுப் பெறும் வருவாய் அது. ஏரியைத் தூர்வாரவும் கரையைப் பழுதுபார்க்கவும் அதை ஒதுக்கியிருக்கிறார்கள். இன்றும் ஊராட்சி அறிவிப்புகளில் ‘மீன்பாசி ஏலம்’ என்று பார்க்கிறோம் அல்லவா, அந்தப் பாசிதான் இது. நல்ல நிர்வாகம் என்று பெருமைப்படுகிறவர்கள் இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதலாம் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் இருக்கிறது, தீண்டாச்சேரியும் இருக்கிறது. மீனுக்குக் கணக்கு எழுதிய சமூகம்தான் மனிதருக்கும் எல்லை எழுதியது.

வெள்ளைக்காரன் வந்தபின் கணக்கு காகிதத்துக்கு மாறியது. சென்னை மாகாணத்துக்கென்று 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். வெள்ளத்தில் கரை உடையும் ஆபத்து வந்தால் உழைப்பாளிகளைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கலாம். வழக்கமான குடிமராமத்து வேலையையும் சட்டத்தின் மூலம் வாங்கலாம். நம் வறண்ட மாவட்டங்களில் நள்ளிரவிலும் மடையைத் திறந்து மூடிய நீர்க்கட்டிகளில், நீர்ப்பாய்ச்சிகளில் பெரும்பாலோர் நம் மக்கள்தான். கண்மாயைக் காப்பது அவர்களுடைய கடமை என்றாகிவிட்டது. கண்மாயின் பலன் யாருக்கு என்ற பேச்சு மட்டும் வேறு திண்ணையில் நடந்தது.

நன்னீர் மீன்களைப் பற்றி 1873-இல் பிரான்சிஸ் டே அறிக்கை கொடுத்தார். சிறு கண் வலையாலும் வயல்வரப்புப் பொறிகளாலும் மீன்குஞ்சுகள் அழிகின்றன என்பது அவருடைய பெரிய கவலை. வெடி வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல் வந்தது. இரண்டிலும் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. இருந்தாலும் வரப்பில் பறி வைப்பவர் எந்தக் கண்மாயில் வலை வீச முடியாமல் வரப்புக்கு வந்தார் என்ற கேள்வி அந்தக் காலத்து அதிகாரிகளைப் பெரிதாக உறுத்தியதாகத் தெரியவில்லை.

உறுத்தியவர்கள் நம்மவர்கள். இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுத் தெரு, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்று அரசாணை வரச் செய்தார். 1927 மார்ச் 20 அன்று மகத்தில் அம்பேத்கர் சவுதார் குளத்தின் தண்ணீரை அள்ளிக் குடித்தார். சவுதார் குளத்தை நாம் எல்லோரும் அறிவோம்; 1924-ஐயும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அது நம் மண்ணில் நடந்தது. குளத்துக்கு வரும் உரிமையை இந்தப் போராட்டங்கள் திறந்தன. குளத்திலிருந்து வரும் வருமானம் இன்னொரு சண்டையாக மிச்சமிருந்தது.

அந்த வருமானம் பெருகியதற்கு ஒரு விஞ்ஞானக் காரணம் இருக்கிறது. 1952-இல் திலேப்பியா இந்தியாவுக்கு வந்தது. நம் ஊரில் ஜிலேபி கெண்டை. 1957-இல் கட்டாக்கில் ஹிராலால் சவுத்ரியும் அலிக்குன்ஹியும் ஹார்மோன் ஊசி போட்டுக் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். அதற்குப் பிறகு கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வேண்டிய அளவு உற்பத்தி செய்து எந்தக் கண்மாயிலும் விட வழி பிறந்தது. என் பார்வையில் இந்த வரலாற்றின் திருப்பம் இங்கேதான். வெள்ளத்தோடு ஏறிவந்த விராலுக்கும் கெளுத்திக்கும் சொந்தக்காரர் இல்லை. காசு கொடுத்து வாங்கி விட்ட குஞ்சுக்குச் சொந்தக்காரர் உண்டு. காவலும் உண்டு. தூண்டில் போட்ட சேரிப் பையன் அதுவரை மீன் பிடித்தான், அதன்பின் திருடினான்.

குத்தகைக்கு முதல் வேண்டும், ஏலத்தில் குரல் கொடுக்கத் துணிச்சல் வேண்டும். நான் வேலை செய்யும் பகுதியில் ஒரு ஊர் இருக்கிறது. காலனிக்காரர்கள் ஏலம் கேட்கக்கூடாது என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. ஏலம் கோயில் திண்ணையில் நடக்கிறது, அவ்வளவுதான். சிவகங்கைச் சீமையின் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ் 2003-இல் வெளியிட்ட நூலில், கண்மாய் பாசனக் கருவி மட்டுமல்ல, ஊரின் அதிகாரமும் மரியாதையும் அதில்தான் குடியிருக்கின்றன என்று காட்டுகிறார். அந்த ஊர்த் திண்ணையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இதை வைத்துக்கொண்டு மேலவளவை மறுபடி யோசியுங்கள். 1994-இன் ஊராட்சிச் சட்டம் ஊர்ப் பொதுச் சொத்தையும் அதன் வருமானத்தையும் ஊராட்சியின் கையில் கொடுத்தது. 1996-இல் தனித்தொகுதிகள் வந்தன. மேலவளவுத் தலைவர் முருகேசனும் அவருடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்திலிருந்து இறக்கி வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை முறையான தேர்தலே நடக்கவிடவில்லை. ஒரு நாற்காலிக்கு இவ்வளவு வெறியா என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அந்த நாற்காலியில் இருப்பவரின் கையெழுத்துக்குக் கீழே என்னென்ன வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள்: புளியமர ஏலம், தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், ஊராட்சிக் கண்மாயின் மீன்பாசி. சாதிவெறிக்கு இவை மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன். இவற்றை விட்டுவிட்டு அதைப் பேசினால், வெறும் மனப்பான்மைக் கோளாறாக அது சுருங்கிவிடும்.

அழிகண்மாய் நாளில் எல்லோரும் இறங்குவது உண்மைதான், எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். அன்று மிஞ்சியிருக்கும் மீன் எது, அதற்கு முன்பு வலை போட்டு எடுத்தது யார் என்பது ஏலக் கணக்கில் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பொது வளங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும் சமூகப் புறக்கணிப்பையும் குற்றங்களாக எழுதியிருக்கிறது. புகார் நிற்க வேண்டுமானால் காகிதம் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் மனு போடுங்கள். கடந்த 5 பசலி ஆண்டுகளில் மீன்பாசி ஏலம் எந்தத் தேதியில், எந்த இடத்தில் நடந்தது, யார் யார் கேட்டார்கள், தொகை எந்தக் கணக்கில் வரவானது என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதிவேடு வேறு அலுவலகத்தில் இருந்தால் 5 நாளில் மனுவை அங்கே மாற்றியனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. பதிலுக்கு 30 நாள். புதிய பசலி ஜூலை 1 அன்று தொடங்குவதால், மே மாதத்திலேயே போட்டுவிடுவது நல்லது.